யாருடைய வாழ்வு, யாருடைய முடிவு?

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கங்களில் துறைமுகத்திலும் ஆலையிலும் பாடுபடுகின்ற தோழர்களின் வீட்டில் அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளை ஒன்று இருக்குமானால், "நமக்குப் பின் இதை யார் பார்ப்பார்?" என்கின்ற கவலை பெற்றோருக்கு இல்லாமலிருக்க முடியாது. அக்கவலையை நாம் குறை கூற வரவில்லை. ஆனால், அப்பிள்ளைக்கு 30 வயதான பின்பும், எங்கு வேலை செய்வது, யாரோடு வாழ்வது என்பவைகளில் ஒன்றையாவது அவரைக் கேளாமலே முடிவு செய்வது என்ன நியாயம் என்றுதான் கேட்கின்றோம்.

இவ்வழக்கம் இன்று நேற்று வந்ததல்ல. மனுதர்மம் 9-வது அத்தியாயம், குருடர், செவிடர், ஊமையர், மூடர் ஆகியோருக்குச் சொத்தில் பங்கில்லை, சோறும் துணியும் போதும் என்கின்றது. 1928-ம் வருஷத்துச் சட்டம் மற்றவர்களுக்குத் தடையை நீக்கியும், பிறவியிலேயே அறிவு குன்றியவர்களை வெளியிலேயே நிறுத்திற்று. 1956-ல் இந்து வாரிசுச் சட்டம் வந்த பிறகே அத்தடையும் ஒழிந்தது. பங்கு கிடைத்தது, பேச்சுரிமை கிடைத்ததா?

நிற்க, 2009-ல் சண்டிகரில் அரசாங்க விடுதியிலிருந்த இத்தகைய பெண்ணொருவர் பலாத்காரத்தால் கருவுற்றார். அவர் பிள்ளை பெற விரும்பியும், ஹைகோர்ட்டு கருவைக் கலைக்க உத்தரவிட்டது. அவர் சம்மதமின்றிக் கலைக்கலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு அதைத் தடுத்தது.

2016-ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதையே சொல்லுகின்றது. துணை கொடுத்தும் முடிவு செய்ய முடியாதவருக்கே காப்பாளர். அவரும் குறிப்பிட்ட காரியத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவர் விருப்பத்தின்படி, கூடிப் பேசியே முடிவு செய்ய வேண்டும்.

"ஏமாற்றிவிடுவார்களே!" என்பார்கள். காப்பாளர் என்ற பேரால் சொத்தை விழுங்கும் உறவினர் ஏமாற்றுக்காரரில்லையா? பணவிஷயத்தில் தன் லாபம் கலந்திருந்தால் துணைநிற்பவர் விலகிக்கொள்ள வேண்டுமென்று அதே சட்டம் 13-வது பிரிவில் கூறுகின்றது.

தொழிலாளி முதலாளியோடு பேசச் சங்கத்தைத் துணைக்கழைக்கின்றான். பத்திரம் எழுத வக்கீலைக் கேட்கின்றான். அதனால் அவனை அறிவற்றவனென்று யாராவது சொல்லுவதுண்டா? ஆகவே தோழர்களே, மெதுவாகச் சொல்லுங்கள், படம் காட்டி விளக்குங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். துணை நிற்பது வேறு, எஜமானனாயிருப்பது வேறு. சுயமரியாதை என்பது பரீட்சை வைத்துக் கொடுக்கப்படும் சரக்கல்லவென்றே சொல்லுவோம்.