டிராக்டரில் ஏற்றிய எடை இறங்க வேண்டாமா?

டிராக்டரும் டயரும் வடசென்னைக்குப் புதியவை அல்ல. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1961-ல் அங்கேயே டயர் உற்பத்தியில் இறங்கியது. செம்பியத்தில் டாஃபே டிராக்டர்கள் உருவாயின. ஆனால் எண்ணூரைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரி வயல்களில் உழும் நம்மில் பலரும் பின்சக்கரத்தில் ஒருமுறை ஏற்றிய எடையை, வண்டியை விற்கும்வரை இறக்குவதில்லை.

புழுதி உழவுக்கு எடை தேவைதான். போதாவிட்டால் சக்கரம் வழுக்கும். டீசலும் டயர் பட்டனும் வீணாகும். வழுக்கலை நீங்களே அளக்கலாம். பின்சக்கரத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கலப்பையைத் தூக்கியபடி 10 சுற்று ஓட்டித் தூரத்தைக் குறியுங்கள். பிறகு கலப்பையை இறக்கி, உழுதபடி 10 சுற்று. முதலில் 40 மீட்டர், அடுத்து 35 மீட்டர் என்றால் வழுக்கல் 12.5 சதவீதம். 10 முதல் 15 வரை சரி. அதற்கு மேல் போனால் எடை கூட்டுங்கள். கீழே என்றால் வீண்சுமை இழுக்கிறீர்கள்.

சேற்றுழவு வேறு. அங்கே பிடிப்பைத் தருவது கேஜ் வீல். கூடுதல் எடை வண்டியைப் புதைக்கும், அடிமண்ணை இறுக்கும். நெல்லுக்குப் பின் வேர்க்கடலை போடுபவர்களுக்கு அந்த இறுக்கம் வேரில் தெரியும்.

டயரில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது செலவில்லாத வழி. 13.6-28 அளவு டயர் ஒன்றில் 150 கிலோவுக்குக் குறையாமல் எடை ஏறும். ஆனால் சேற்றுழவுக்கு முன் அதை யார் வடிக்கிறார்கள்? புழுதியும் சேறும் மாறி மாறி உழுபவர்களுக்குக் கழற்றி மாட்டும் இரும்பு எடைதான் நல்லது. தண்ணீர்தான் என்றால் நல்ல தண்ணீராக இருக்கட்டும். மீஞ்சூர் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் புகுந்து பல ஆண்டுகள் ஆகின்றன. அந்த உப்புநீர் டியூபிலிருந்து கசிந்தால் ரிம்மை அரித்துவிடும்.

பின்னால் கனமான ரோட்டவேட்டர் தொங்கும்போது முன்பக்க எடையைக் கழற்றாதீர்கள். வரப்பு ஏறுகையில் முன்சக்கரம் தூக்கினால் ஸ்டியரிங் பிடிக்காது. வண்டி பின்னுக்குக் கவிழ்ந்தால் அடியில் மாட்டுவது ஓட்டுநர்தான்.

டயர் வாங்கும்போது, ஆழமான பட்டன் சேற்றுக்கு உதவும், தார்ச்சாலையில் சீக்கிரம் தேயும். டிரெய்லர் ஓட்டமே அதிகம் என்றால் சாதாரண உழவு டயர் போதும். காற்று, வயலில் குறைவாகவும் சாலையில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். அளவு வண்டியின் கையேட்டில் உண்டு.

வேளாண் பொறியியல் துறையினர் சொர்ணவாரிக்கு முன் ஊருக்கு ஒரு டிராக்டரிலாவது இந்த வழுக்கலை அளந்து காட்டலாம். ஒரு சுண்ணாம்புக் கட்டியும் அளவு நாடாவும் போதும்.