பனி பொழியாத ஊரிலே

காஷ்மீரத்திலே ஏரி உறைந்தது என்று செய்தி வந்தால் படத்தைப் பார்த்து வியக்கிறோம். அமெரிக்காவிலே பனி கொட்டுகிறது என்றால் அங்கே படிக்கப் போன நண்பனை எண்ணிக் கவலை கொள்கிறோம். பிறகு பொம்மனஹள்ளியில் நம் அறைச் சன்னலைச் சாத்திவிட்டு, "நல்லவேளை, இங்கே பனி பெய்வதில்லை" என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம். அந்த நல்லவேளை யாருக்கு நல்லவேளை? அதைக் கேட்கத்தான் இந்தக் கட்டுரை, தோழர்களே.

2021ஆம் ஆண்டின் குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 31ஆம் நாள் ஸ்ரீநகரில் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 8.8 டிகிரி வரை இறங்கிற்று. முப்பது ஆண்டுகளாகக் காணாத குளிர்! தால் ஏரி உறைந்தது. குழாய்த் தண்ணீரும் உறைந்தது. மக்கள் துன்புறவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆயினும் அந்த விருந்தாளியை அவர்கள் அறிவார்கள். டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளுக்குச் 'சில்லை கலான்' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கோடையிலேயே காய்கறியை உலர்த்திச் சேமிக்கிறார்கள். 'பெரன்' என்னும் நீண்ட அங்கிக்குள் 'காங்கிரி' என்னும் கணப்புச் சட்டியை ஏந்தியபடி நடமாடுகிறார்கள்.

பதினாறு நாள் கழிந்தது. பிப்ரவரி 16இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் குளிர் பூச்சியத்துக்குக் கீழே 10.6 டிகிரி. ஸ்ரீநகரைவிட இரண்டு டிகிரிதான் அதிகம். ஆனால் நடந்தது என்ன? டெக்சாஸ் மாநிலத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் நின்றது. எரிவாயுக் கிணறுகள் உறைந்தன. மின் நிலையங்கள் முடங்கின. மாநில அரசின் கணக்கின்படியே 246 பேர் மாண்டனர். படுத்த படுக்கையிலேயே விறைத்துப் போனவர் உண்டு. குளிருக்கு அஞ்சி வீட்டுக்குள் கரி மூட்டி, அந்த நச்சுக் காற்றால் இறந்தவரும் உண்டு. எண்ணெய் வளத்தில் கொழித்த மாநிலம் அது! 2011இலும் இப்படி ஒரு குளிர் வந்து மின்சாரத்தை நிறுத்தியிருக்கிறது. இயந்திரங்களைக் குளிர் தாங்குமாறு செய்யுங்கள் என்று அப்போதே அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். செலவுக்கு அஞ்சி அதைக் கிடப்பில் போட்டார்கள். கொன்றது குளிரா, கிடப்பில் போட்ட கைகளா?

இனி நம் ஊருக்கு வருவோம். பெங்களூர் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ மூவாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. இங்கே பதிவான கடுங்குளிர் 1884 ஜனவரி 13இல் 7.8 டிகிரி. சமவெளியில் வெப்பநிலை 10 டிகிரிக்கு வந்து, வழக்கத்தினும் நாலரை டிகிரியாவது குறைந்தால்தான் வானிலைத் துறை அதைக் குளிரலை என்று ஒப்புக்கொள்ளும். ஆகவே நம் ஊரில் குளிரலை என்பது பெரும்பாலும் இல்லை. ஏட்டில் இல்லை!

மார்கழி விடியலில் ஓசூர் சாலைப் பக்கம் சென்று பாருங்கள். ஆயத்த ஆடை ஆலைக்குப் போகும் பெண்கள் சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு விரைகிறார்கள். ஊருக்கெல்லாம் சட்டை தைப்பவர்கள்! வேலைக்கு ஆள் எடுக்கும் முனையில் மங்கி குல்லாய் போட்டவர்கள் கிழிந்த சிமெண்டுப் பைகளைக் கொளுத்திக் கை காய்கிறார்கள். எழும்பி நிற்கும் மாடிக் கட்டடத்தின் காலடியிலே தகரக் கொட்டகைகள் வரிசையாக நிற்கின்றன. அங்கேதான் அந்த மாடியைக் கட்டுகிறவர்கள், கிருஷ்ணகிரியிலிருந்தும் ராய்ச்சூரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள், குழந்தை குட்டிகளோடு உறங்குகிறார்கள்.

தகரத்துக்கு ஒரு குணம் உண்டு. முகில் இல்லாத இரவில் அது தன் வெப்பத்தை வானத்துக்கு வாரி வழங்கிவிட்டு, வெளிக்காற்றைவிடவும் குளிர்ந்து போகும். உள்ளே உறங்குவோரின் மூச்சில் உள்ள ஈரம் அதன் அடியில் துளி துளியாகக் கோத்து, விடியுமுன் சொட்டத் தொடங்கும். புல் நுனியில் நிற்பதையும் பனி என்கிறோம், இமயத்தை மூடுவதையும் பனி என்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லா என்று ஒரு வகுப்பில் நான் குறைபட்டதுண்டு. அந்தக் கொட்டகையில் ஒருமுறை விடியும் வரை இருந்தபின் அந்தக் குறையை விட்டுவிட்டேன். பனி பொழியாத ஊரிலே கூரைக்குள் பனி பொழிகிறது.

நாமும் சும்மா இருக்கவில்லை. ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் போர்வை வழங்குகிறோம், படமும் எடுத்துக்கொள்கிறோம். மயிலுக்குப் போர்வை தந்த பேகனின் வழிவந்தோம் என்று மேடையில் முழங்குகிறோம். பேகனை நான் குறை சொல்லவில்லை; மயில் தகரக் கொட்டகையில் வாழவில்லை என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். நாம் கொடுத்த போர்வை விடிவதற்குள் நனைந்துவிடுகிறது.

கட்டடத் தொழிலாளருக்கு வேலையிடத்திலோ அதன் அருகிலோ இலவசமாகத் தங்குமிடம், தனிச் சமையலிடம், குளிக்கவும் துவைக்கவும் இடம், கழிப்பிடம் ஆகியவற்றை வேலை கொடுப்பவர் தர வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் தன் 34ஆம் பிரிவில் எழுதி வைத்தது. தகரத்தை நிறுத்திவிட்டுத் தங்குமிடம் கொடுத்தாயிற்று என்று கணக்குக் காட்டினார்கள். சட்டத்தின் பெயரும் எண்ணும் மாறியபோதும் தகரம் மாறவில்லை.

இவ்வாண்டு போர்வைக்கு உண்டியல் குலுக்கும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் போய், நம் விடுதியைச் சுற்றியுள்ள கொட்டகைகளை எண்ணி வருவோம். எத்தனைக்குச் சுவர் உண்டு, எத்தனைக்குத் தரை உண்டு, எத்தனையில் கரி மூட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்வோம். கன்னடம் எழுதத் தெரிந்த நண்பர்கள் அதை மனுவாக எழுதட்டும். தொழிலாளர் அலுவலகத்துக்கு ஒரு படி, ஒப்பந்தக்காரருக்கு ஒரு படி. தமிழ் படிப்பதற்காக நம் மன்றத்துக்கு வரும் கன்னடத் தோழர்கள் இருவர் உடன் வர இசைந்திருக்கிறார்கள். மற்ற எட்டுப் பெயர்களை அடுத்த கூட்டத்தில் எதிர்பார்க்கிறேன்.