அரக்கு மாளிகையில் வெந்த ஆறு பேர்

அரக்கு மாளிகை எரிந்த ராத்திரி பாண்டவர்கள் சுரங்கம் வழியே தப்பினார்கள். விருந்துக்கு வந்த வேடச்சி ஒருத்தியும் அவள் ஐந்து மகன்களும் குடித்துத் தூங்கியபடியே கருகினார்கள். விடிந்ததும் ஆறு உடலைப் பார்த்த ஊர், குந்தியும் ஐவரும் செத்தார்கள் என்று அழுதது. எண்ணிக்கை சரியாக வர வேண்டும், அதுக்குத்தான் அந்த ஆறு பேர். வியாசன் அவர்களுக்குப் பேர் வைக்கவில்லை. அர்ச்சுனனுக்கென்று கர்ணன் பத்திரப்படுத்தியிருந்த சக்தி ஆயுதத்தை இடும்பி மகன் கடோத்கசன் வாங்கிச் செத்தபோது கண்ணன் சந்தோஷப்பட்டான். ஏகலைவனுக்காவது பேர் உண்டு, கட்டைவிரல்தான் இல்லை.

துணைப் பாத்திரம் என்று நமக்குச் சொல்லித் தந்தது இதைத்தான். இப்போது கைபேசியில் ஏழெட்டுப் பேர் கூடி, ஆளுக்கொரு வேடம் எடுத்து, மாறி மாறி எழுதியே கதை ஆடுகிறார்கள். கவரைப்பேட்டையில் என் அக்கா மகனும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்டு முடித்து வந்து இதில் உட்காருகிறான். எல்லோரும் நாயகர்கள். மிச்ச ஊரை நிரப்ப டீக்கடைக்காரன், வாட்ச்மேன். அவர்கள் கதையில் ஒருத்தன் சாக்கடைக் குழியில் இறங்கிச் சாகிறான்; அதைப் பார்த்து நாயகனுக்குக் கோபம் வருகிறது, கதை கிளம்புகிறது. "செத்தவன் பேரு இன்னாடா?" என்றேன். "சைடு கேரக்டர் மாமா, பேரெல்லாம் வெக்கல" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. 2014 மார்ச் 27ல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? 1993லிருந்து சாக்கடையில் செத்தவர்களின் குடும்பங்களை அடையாளம் கண்டு தலைக்கு 10 லட்சம் கொடு என்றது. இருபது வருஷச் சாவுக்கு அப்புறம் ஆளைத் தேடு என்று ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. 2023ல் அந்தத் தொகை 30 லட்சம் ஆனது. தொகை ஏறுகிறது, குழியும் திறந்தேதான் கிடக்கிறது.

விளையாட்டுதானே, இதில் என்ன சாதி என்கிற தோழர்களுக்கு ஒன்று. இந்த வகை ஆட்டத்துக்கெல்லாம் முன்னோடி 1974ல் அமெரிக்காவில் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதில் ஆர்க் என்றொரு கூட்டம், பிறவியிலேயே கெட்டவர்களாகக் காட்டப்பட்டு வந்தது. நிஜ மனிதக் கூட்டங்களை இழிவுபடுத்திய அதே பார்வைதான் இது என்று 2020ல் அதை வெளியிடும் நிறுவனமே ஒத்துக்கொண்டது. பிறவியிலேயே கெட்டவன் என்றால் என்னவென்று சேரிக்காரனுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டாம்.

நம் தொண்டை மண்டலத்துத் தெருக்கூத்திலும் கதை பாரதம்தான். ஆனால் அங்கே கட்டியங்காரன் இருக்கிறான். கிரீடமும் புஜகீர்த்தியுமாய்த் திரைக்குப் பின்னாலிருந்து வருகிற துரியோதனனை, யாருய்யா நீ என்று கேட்கிறவன். வாயிற்காவலன் அவன், தூதன் அவன், கோமாளியும் அவன். ராஜா பாட்டாய்ப் பாட, இவன் நம் பேச்சில் பேசுகிறான்; எதிரே நிற்பவன் விட்ட சொல்லைப் பிடித்து அப்போதைக்கப்போது வளர்க்கிறான். இவன் கேட்காவிட்டால் ராஜாவுக்குத் தன் பேரைச் சொல்லக்கூட வழியில்லை. (கூத்தைப் புனிதமாக்க நான் வரவில்லை. சாதிப் பேச்சை வைத்துச் சிரிப்பு மூட்டுகிற கட்டியங்காரன்களையும் பார்த்தவன்தான்.)

எழுதுகிற பிள்ளைகளே, குழியில் இறங்குகிறவனுக்குப் பேர் வையுங்கள். பெண்டாட்டி, கடன், நாயகனோடு ஒரு பழைய தகராறு, எல்லாம் கொடுங்கள். இறங்க மாட்டேன் என்று அவன் சொல்லட்டும். அதனால் கதை நின்றுபோனால் போகட்டும். மூடியைத் திறக்கச் சொன்ன காண்ட்ராக்டர் எவன் என்று ஏழு பேரும் உட்கார்ந்து எழுதுங்கள்.