கும்பல் கொலைக்குக் கணக்கு எங்கே?

2017-ஆம் ஆண்டின் குற்றப் புள்ளிவிவரத்தைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2019 அக்டோபரில்தான் வெளியிட்டது. கும்பல் கொலை, வெறுப்புக் குற்றம் குறித்து மாநிலங்களிடம் திரட்டிய விவரம் அதில் இல்லை. வந்த தகவல் நம்பத்தக்கதல்ல, வரையறையில் தெளிவில்லை என்றது அரசு; அந்தக் கணக்கெடுப்பே கைவிடப்பட்டதாக நாடாளுமன்றத்திலும் பிறகு சொன்னது. மழைமானி பழுதானால் வேறொன்று வைப்பார்கள். மழையை அளப்பதையே நிறுத்திவிட மாட்டார்கள். இத்தனைக்கும், 2018 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மாவட்டந்தோறும் காவல் கண்காணிப்பாளர் நிலையில் ஓர் அதிகாரியை நியமிக்கவும், அண்மை ஆண்டுகளில் கும்பல் வன்முறை நடந்த ஊர்களை அடையாளம் காணவும் மாநிலங்களுக்கு உத்தரவிட்டிருந்தது. கணக்கே இல்லாமல் எந்த ஊரை அடையாளம் காண்பது?

கொலை என்றால் கொலைதான், அதற்குள் நோக்கம் பார்த்துத் தனித் தலைப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. வரதட்சணைச் சாவை நாம் அப்படித்தான் பிரித்து எண்ணுகிறோம். ஸ்டவ் வெடித்து மருமகள் இறந்தாள் என்று கோப்பை மூடிய வழக்கத்துக்கு எதிராக 1986-இல் தனிப் பிரிவு வந்தது. குற்றம் ஒழிந்துவிடவில்லை; 2022-இல் மட்டும் 6,450 வழக்குகள் பதிவாயின. ஆனால் எந்த மாநிலத்தில் எத்தனை, எத்தனை வழக்குகளில் தண்டனை என்று ஆட்சியாளரைக் கேட்க முடிகிறது.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, ஐந்து பேருக்குக் குறையாத கும்பல் இனம், சாதி, மொழி, பிறப்பிடம் போன்ற காரணங்களால் செய்யும் கொலையையும் கொடுங்காயத்தையும் தனிக் குற்றங்களாக்கியது வரவேற்கத்தக்கதே. மதம் என்ற சொல் அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இல்லாதது தற்செயல் என்று நம்புவது கடினம். அவற்றைத் தாண்டி மிரட்டல், தீவைப்பு, கடைப் புறக்கணிப்பு எதுவும் இந்தப் பிரிவுகளுக்குள் வராது. கொலையே ஆனாலும், காவல் நிலையத்தில் எழுதுபவர் அதற்கான பிரிவைப் போட்டால்தான் உண்டு.

நோக்கத்தைப் பதிவுசெய்தால் யார் வேண்டுமானாலும் பொய்ப் புகார் தருவார்கள் என்பது இன்னொரு வாதம். பதிவு வேறு, தீர்ப்பு வேறு. பிரிட்டனில் இனவெறியால் கொல்லப்பட்ட கறுப்பின இளைஞர் ஸ்டீபன் லாரன்ஸின் கொலை விசாரணையில் காவல் துறை தவறியதை ஆராய்ந்த மெக்பர்சன் குழு, பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ இனவெறி எனக் கருதினாலே அப்படிப் பதிய வேண்டும் என்று 1999-இல் பரிந்துரைத்தது. பிரிட்டன் அதை ஏற்றது. தண்டனைக்கு ஆதாரம் வேண்டும் என்ற விதி அங்கே மாறவில்லை. உண்மையான தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. நேர்மையாகப் பதியும் மாநிலத்தின் எண்ணிக்கைதான் முதலில் ஏறும், பழியும் அதன்மேல் விழும். பதிவு கூடுவதைக் குற்றம் கூடியதாகக் கொள்ளக் கூடாது என்று ஆவணக் காப்பகமே எச்சரிப்பதை அமைச்சர்களும் எதிர்க்கட்சிகளும் படிக்க வேண்டும்.

எல்லாக் குற்றங்களுக்குமான முதல் தகவல் அறிக்கையிலும் நோக்கத்துக்கென ஒரு கட்டம் வேண்டும். விசாரணையில் அது நிலைத்ததா, நீதிமன்றம் ஏற்றதா என்பதும் ஆண்டறிக்கையில் மாவட்டவாரியாக வெளிவர வேண்டும்.