பதிவேடு யாருக்காக? இயன்முறை மருத்துவர் பதிவு குறித்து எங்கள் நிலைப்பாடு

வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு ஆடு வாங்க வருபவர், அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்து வயதைக் கணித்த பிறகே விலை பேசுகிறார். அதே மனிதர், நெடுஞ்சாலை விபத்தில் முழங்கை முறிந்த தம் மகனைப் 'பிசியோதெரபி' என்று பலகை மாட்டிய ஓர் அறைக்கு அழைத்துச் செல்லும்போது, உள்ளே இருப்பவர் முறையாகக் கற்றவரா, பார்த்துப் பழகியவரா என்று அறிய அவருக்கு யாதோர் உபாயமும் இல்லை. இயன்முறை மருத்துவர்களாகிய எங்கள் சங்கம் அரசின் பதிவையும் கட்டுப்பாட்டையும் வேண்டுவது பிரதானமாக இதன் பொருட்டே.

முறிந்து கூடிய முழங்கையை, விறைப்பு நீங்கட்டும் என்று பலவந்தமாக நீவி மடக்கினால், தசைக்குள்ளேயே எலும்பு படர்ந்து மூட்டு இறுகிவிடக்கூடும். நீரிழிவால் உணர்ச்சியற்றுப்போன பாதத்தில் மெழுகு ஒத்தடம் வைத்தால், நோயாளி சூட்டை அறியாமலேயே தோல் வெந்து புண்ணாகிவிடும். எங்கே கை வைக்கலாகாது என்னும் விவேகமே எங்கள் கல்வியின் பாதி.

தில்லி 1997ஆம் ஆண்டிலேயே இயன்முறை மருத்துவர் பதிவுக்கெனச் சட்டம் செய்துகொண்டது. மத்திய சர்க்கார் 2007இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியாகி, 2021இல்தான் துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழிலர்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் பிறந்தது. இயன்முறை மருத்துவர் சுதந்திரமாகவோ பல துறையினர் அடங்கிய குழுவில் ஒருவராகவோ தொழில் நடத்தலாம், குறைந்தபட்ச யோக்கியதை இளநிலைப் பட்டம் என்று அச்சட்டம் ஐயத்துக்கு இடமின்றி உரைக்கிறது. ஆயினும் 2025 செப்டம்பரில், எங்களவர் பெயருக்கு முன்னே 'டாக்டர்' போடலாகாது என்று மத்திய சுகாதார இயக்ககம் கடிதம் எழுதி, உடனேயே அதைத் திரும்பப் பெற்றபோது எழுந்த ஆரவாரத்தில் ஒரு பங்குகூடப் பதிவேட்டின்பால் எழவில்லை என்பதை, எங்களையும் சேர்த்தே, வருத்தத்துடன் சொல்கிறோம். அடைமொழி எங்கள் கௌரவம்; பதிவேடு நோயாளியின் பாதுகாப்பு.

ஆகவே, பதிவேடு தமிழில், ஊர்வாரியாக, கைபேசியில் எவரும் பார்க்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். புகார் விசாரணை சென்னையோடு நின்றுவிடலாகாது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் நாட்கூலிக்கு உழைப்பவர், ஒரு நாள் சம்பளத்தை இழந்து தலைநகருக்கு வந்து நியாயம் கேட்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே அன்று. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை மருத்துவரின் அடையாள அட்டையிலும் பதிவு எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பரம்பரையாக எலும்புக்குக் கட்டுப் போடுவோரோடு எங்களுக்கு விரோதமில்லை. அவர்கள் தங்கள் பெயரிலேயே தொழில் செய்யட்டும், எங்கள் பெயரில் வேண்டாம் என்பதே எங்கள் கோரிக்கை. படியாத உதவியாளரிடம் மின்கருவியை ஒப்படைத்துவிட்டு, மூன்று ஊர்களில் பலகை மாட்டியிருக்கும் பட்டதாரிகளுக்கு மட்டும் எங்களிடம் தாட்சண்யம் இராது. பதிவு முதலில் கட்டுப்படுத்த வேண்டியவர்களில் அவர்களும் உண்டு.