அடைக்கல மாதாவும் அகதிகளும்

அரியலூர் ஜில்லாவில், கொள்ளிடத்திற்கு வடகரையில், ஏலாக்குறிச்சி என்றொரு கிராமமிருக்கின்றது. அங்குள்ள கோவிலுக்கு அடைக்கல மாதா கோவில் என்று பெயர். தஞ்சை நாட்டில் துன்பப்பட்ட கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்துவந்து அவ்விடத்தில் புகலடைந்தார்கள் என்று கிறிஸ்தவர்களே சொல்லி வருகின்றார்கள். அக்கோவிலை எழுப்பிய வீரமாமுனிவரோ இத்தாலி தேசத்தார். அவர் எந்தச் சர்க்காரிடம் குடியுரிமைச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து தமிழ் படித்தார்? இந்த மண் அவருக்கு இடங்கொடுத்தது. அவர் தமிழுக்குச் சதுரகராதி செய்து கொடுத்தார். அன்னியன் என்று அன்று துரத்தியிருந்தால் நஷ்டம் யாருக்கு?

அதே சீமையில், பெரம்பலூரையடுத்த துறைமங்கலத்தில், இலங்கைத் தமிழர் முகாம் இருக்கின்றது. 1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்த ஜனங்களுக்காகத் தமிழ்நாட்டில் ஏற்பட்ட நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் அதுவும் ஒன்று. 2021-ல் தமிழ்நாட்டுச் சர்க்கார் "அகதிகள் முகாம்" என்பதை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றிற்று. பெயர் மாறியது நல்லதே. ஆனால் அங்கு பிறந்த பிள்ளையின் நிலை மாறிற்றா? 1987 ஜூலை 1-ந் தேதிக்கு முன் இந்தியாவில் பிறந்தவன் பிறப்பினாலேயே பிரஜை. அதற்குப் பின் பிறந்தவனுக்குத் தாய் தந்தையரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாயிருக்க வேண்டுமாம். ஆகவே 1990-ல் முகாமில் பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கூலிவேலை செய்து, பிள்ளை குட்டியும் பெற்றவன், இலங்கையைக் கண்ணாலும் பாராதவன், இன்னமும் அன்னியனே!

இந்த நிலையில்தான் 2019 டிசம்பரில் இந்திய சர்க்கார் குடியுரிமைத் திருத்தச் சட்டம் செய்தது. 2024 மார்ச் 11-ந் தேதி அதற்கு விதிகளும் வெளியிட்டது. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து 2014 முடிவதற்குள் வந்துவிட்ட இந்து, சீக்கிய, பௌத்த, ஜைன, பார்சி, கிறிஸ்தவ மதத்தவர்களுக்குக் குடியுரிமை கிடைக்க அதில் வழியுண்டு. முஸ்லிமுக்கு இல்லை. இலங்கைத் தமிழனுக்கோ அவன் எம்மதத்தவனாயினும் இல்லை. மன்னாரிலிருந்து ஜெபமாலையோடு வந்தவனுக்கும் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து திருநீற்றோடு வந்தவனுக்கும் இல்லை.

அம்மூன்று தேசங்களிலும் இஸ்லாம் அரசாங்க மதமாயிருப்பதே காரணமென்று சமாதானம் சொல்லுகின்றார்கள். அப்படியானால், 1972 முதல் இலங்கை அரசியல் சட்டம் பௌத்த மதத்திற்கு முதலிடம் கொடுத்திருப்பது இவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லையா? 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9-ந் தேதிக்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திற்குத் தண்டனை கிடையாதென்று உத்தரவாயிற்று. தண்டனை இல்லை என்பது உரிமை உண்டு என்று ஆகுமா?

இனிக் கிறிஸ்தவத் தோழர்களைப் பற்றி. பட்டியலில் நம் மதத்தின் பெயர் இருக்கின்றதே, நமக்கென்ன வந்தது என்று அவர்கள் பேசாமலிருந்திருக்கலாம். அப்படியில்லாமல், அப்போது கத்தோலிக்க ஆயர் பேரவைத் தலைவராயிருந்த கர்தினால் ஆஸ்வால்டு கிரேசியஸ், குடியுரிமைக்கு மதத்தை அளவுகோலாக வைக்கக்கூடாதென்று 2019-லேயே சொன்னார். இதை நாம் மனமாரப் பாராட்டுகின்றோம். இயேசு சபையாரின் அகதிகள் சேவை அமைப்பும் 1990 முதல் தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்து வருகின்றது.

ஆனால் தர்மம் வேறு, உரிமை வேறு. நோட்டுப் புத்தகம் கொடுப்பது சுலபம். வாங்கிக்கொள்ளுகிறவன் வணக்கம் சொல்லுவான், கொடுக்கிறவனுக்குப் பெருமை கிடைக்கும். அவனும் நம்மைப்போல் ஓட்டுப் போட வேண்டும், உத்தியோகம் பார்க்க வேண்டும், எவருடைய தயவுக்கும் கைகட்டி நிற்காதிருக்க வேண்டும் என்று சர்க்காரைக் கேட்பதுதான் கஷ்டம். அந்தப் பேச்சு எத்தனை கோவில்களின் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் வருகின்றது?

வீரமாமுனிவரின் தேம்பாவணிக்கு நாயகரான சூசை யார்? அரசனுக்குப் பயந்து, கைக்குழந்தையோடு, இரவோடிரவாக எகிப்துக்கு ஓடிய அகதிதானே? எகிப்தின் எல்லையில் ஓர் அதிகாரி நின்றுகொண்டு, "உன் மதம் எங்கள் பட்டியலில் இல்லை, திரும்பிப் போ" என்று சொல்லியிருந்தால் கிறிஸ்தவ மதம் எங்கிருந்திருக்கும்? இக்கதை நடந்ததா இல்லையா என்று நாம் விவகாரம் செய்ய வரவில்லை. நம்புகிறவர்கள் நம்புகிறபடி நடக்க வேண்டும் என்பதுதான் நமது வாதம்.

மற்ற மதத்தாரும் மதமில்லாதவர்களும் இது கிறிஸ்தவர் காரியமென்று ஒதுங்கிவிடக்கூடாது. இச்சட்டத்தை ரத்து செய்ய வேண்டுமென்று 2021 செப்டம்பர் 8-ந் தேதி தமிழ்நாட்டுச் சட்டசபை தீர்மானம் செய்தது. அது காகிதத்தோடு நின்றுவிடாமலிருப்பது ஜனங்களின் கையிலிருக்கின்றது. ஊர் திரும்ப இஷ்டப்படுகிறவர்கள் மரியாதையோடு திரும்பட்டும். இங்கேயே இருக்க விரும்புகிறவர்களுக்கு, மதம் கேளாமல், குடியுரிமை கொடுக்கட்டும். ஓடிவந்தவனிடம் கேட்க வேண்டிய கேள்வி "உனக்கு என்ன ஆபத்து?" என்பதே, "உன் சாமி எது?" என்பதல்ல.