கான்ட்ராக்ட் முடிஞ்சாச்சு, அடுத்தது வரலை: நடுவில் இருக்கும் மாதங்கள் யார் கணக்கில்?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக மலையேறினால், அகத்தியர்கூடத்தின் அடிவாரத்தில் போனக்காடு. இன்றைக்கு அங்கே போகிறவர்களில் மலையேற்றக்காரர்கள் அதிகம். யூடியூபில் 'பேய் பங்களா' வீடியோ பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு. பயப்பட வேண்டிய விஷயம் பங்களாவில் இல்லை. ஓடாத தேயிலை ஆலையும், இடிந்துகொண்டிருக்கும் லயங்களும்தான் அந்த ஊரின் கதை. சம்பளப் பாக்கியும் பணிக்கொடையும் வந்துவிடும் என்று தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் வருடக்கணக்கில் அங்கே காத்திருந்தன.

சரி, ஆறு மாத கான்ட்ராக்ட்டில் லேப்டாப் தட்டுகிற நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு வித்தியாசத்தில் இருக்கிறது சம்பந்தம். தோட்டத் தொழிலாளிக்கு வேலை இல்லாத நாளுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: லே-ஆஃப். 1947-ம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டங்களில், ஒரு வருடம் பணி முடித்தவருக்கு லே-ஆஃப் காலத்தில் அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படியில் 50% தரச் சொன்னது. 1972-ம் ஆண்டுச் சட்டம் பணிக்கொடையை 30 நாளில் கொடுக்கச் சொன்னது. உரிமை காகிதத்தில் இருந்தும் பணம் கைக்கு வராததுதான் போனக்காட்டின் துயரம். சுயேச்சை கான்ட்ராக்டருக்கோ அந்தக் காகிதமே கிடையாது. இரண்டு ப்ராஜெக்ட்டுக்கு நடுவில் இருக்கும் மூன்று மாதம், சட்டத்தின் கண்ணில் எதுவுமே இல்லை.

80,000 உண்மையில் எவ்வளவு?

ஒரு உதாரணக் கணக்கு. மாதம் 80,000 ரூபாய்க்கு வருடத்தில் எட்டு மாதம் வேலை கிடைக்கிறது. மொத்தம் 6.4 லட்சம். இதில் 10% டிடிஎஸ் பிடித்தால் 64,000 போய்விடும். ரிட்டர்ன் தாக்கல் செய்த பிறகுதான் ரீஃபண்ட் பற்றிப் பேச முடியும். கையில் வருவது 5.76 லட்சம். 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 48,000. பிஎஃப் கிடையாது, மருத்துவக் காப்பீடும் சொந்தச் செலவு. "80 ஆயிரம் வாங்குறான், சேமிக்கத் தெரியலை" என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் ஆள் தேவைப்படாத மாதங்களில் நிறுவனம் மிச்சப்படுத்துகிற சம்பளம், இந்தப் பக்கம் நம்முடைய வாடகைப் பாக்கியாக வந்து நிற்கிறது.

புதிய சட்டம் வந்துவிட்டதே?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் அமலுக்கு வந்தன. இதில் முதலில் கவனிக்க வேண்டியது, கையில் இருக்கும் காகிதம் என்ன சொல்கிறது என்பதுதான். 'ஃபிக்ஸட் டெர்ம்' ஊழியர் என்றிருந்தால் நீங்கள் ஊழியர். ஒரு வருடம் முடித்தாலே பணிக்கொடை உண்டு. 'கன்சல்டன்ட்' என்றிருந்தால் அது கிடையாது. ஒரே நாற்காலி, ஒரே வேலை, ஒரு வார்த்தைதான் மாற்றம்.

கிக் தொழிலாளர்களுக்கு அக்ரிகேட்டர் நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2% வரை நிதி தர வேண்டும். தொழில்முறைச் சேவை தரும் தளங்களும் அந்தப் பட்டியலில் உள்ளன. க்ளையன்ட்டிடம் நேரடியாக வேலை வாங்குகிறவருக்காக அந்த நிதியைத் தர வேண்டியவர் யாரும் இல்லை. அதோடு, விபத்து, மருத்துவம், முதுமை என்று போகிற திட்டங்களில் வேலையில்லா மாதத்துக்கான உதவி பெயர் சொல்லி இடம்பெறவில்லை. இஎஸ்ஐ-யில் வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை பாதிச் சம்பளம் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. ஆனால் அது இஎஸ்ஐ உறுப்பினர்களுக்கு மட்டும்.

இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? பிரான்ஸில் மேடை, சினிமாத் துறைக் கலைஞர்கள் 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால், வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை பெறலாம். விட்டுவிட்டு வேலை வருவது அந்தத் தொழிலின் இயல்பு என்று அங்கே சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இப்போதைக்குக் கையில் இருப்பது

இடைவெளியை முழுசா அடைக்க இங்கே வழி இல்லை. அதை நீளாமல் பார்த்துக்கொள்ள 2006-ம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் இருக்கிறது, நம்மில் பலர் அதைத் தொடுவதே இல்லை. உத்யம் பதிவு இலவசம். தனியாளாகச் சேவை தருபவரும் செய்யலாம். பதிவு இருந்தால், வேலையை ஏற்ற நாளிலிருந்து 45 நாளைத் தாண்டி க்ளையன்ட் பணத்தை இழுக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் '90 நாள்' என்று எழுதியிருந்தாலும் 45-தான் வரம்பு. எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இணைய வழியில் புகார் கொடுக்கலாம். பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்தால் வழக்கில் சிக்கல் வரும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள்.

புகார் கொடுத்தால் அந்த க்ளையன்ட் மறுபடி கூப்பிட மாட்டார் என்ற பயம் நியாயமானதுதான். அதனால், வேலையைப் பாதியில் நிறுத்தினால் ஒரு மாதத் தொகை தர வேண்டும் என்ற வரியை முதல் பேச்சிலேயே கேட்பது நல்லது. பேரம் பேச நமக்குக் கொஞ்சமாவது பலம் இருப்பது அப்போது மட்டும்தான்.